ஒன்பது பட்டைகள்: பிரிட்டனியின் கறுப்பு வெள்ளைக் கொடி

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்க்கும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பந்தயம் ஆல்ப்ஸ் மலையில் நடந்தாலும் பாரிஸ் வீதியில் நடந்தாலும் சாலையோரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கொடி தென்படுகிறதே, அது எந்த நாட்டுக் கொடி? அதன் மூலையில் இருக்கும் புள்ளிகள் ஒரு கொடியில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருப்பது ஏன்? அதைப் பிடித்திருப்பவர்கள் தனிநாடு கேட்பவர்களா?

அது எந்த நாட்டின் கொடியும் இல்லை. பிரான்சின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி என்ற பகுதியின் கொடி. பெயரைப் பார்த்து இங்கிலாந்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் பெயரின் ஒற்றுமை தற்செயலும் இல்லை. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் கொடுத்த பெயர் அது. அவர்கள் கொண்டுவந்த மொழிதான் பிரெத்தோன். அது பிரெஞ்சுக்குச் சொந்தமில்லை. வேல்ஸ் மொழிக்கும் கார்ன்வால் மொழிக்கும் உடன்பிறப்பு. அந்த மொழியில் இந்தக் கொடிக்கு ‘க்வென் ஹா டு’ என்று பெயர். க்வென் என்றால் வெள்ளை, டு என்றால் கறுப்பு. வெள்ளையும் கறுப்பும், அவ்வளவுதான் பெயர்.

முதல் பார்வைக்கு அமெரிக்கக் கொடியைச் சாயம் போகும்வரை துவைத்துக் காயப்போட்டது போல இருக்கும். இடது மேல் மூலையில் ஒரு வெள்ளைக் கட்டம், அதில் நட்சத்திரத்துக்குப் பதில் விசித்திரமான கறுப்புக் குறிகள். மீதி இடமெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் படுக்கைவாட்டில் ஒன்பது பட்டைகள். இரண்டுக்கும் தனித்தனிக் கதை. குறிகள் எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழையவை. பட்டைகளுக்கு வயது நூற்றைச் சற்றுத் தாண்டியிருக்கிறது.

குறிகளிலிருந்து தொடங்குகிறேன். பூவைப் போலவோ பறவையின் காலடித் தடத்தைப் போலவோ தெரிகிற அது, உண்மையில் ஒரு வால் நுனி. எர்மின் என்றொரு சிறு விலங்கு உண்டு. பார்வைக்குக் கீரிப்பிள்ளை சாயல், ஆனால் அதைவிட மெலிந்தது, சிறியது. கோடையில் பழுப்பாக இருக்கும் அதன் ரோமம் குளிர்காலத்தில் பனி போல வெளுத்துவிடும். வால் நுனி மட்டும் எந்தப் பருவத்திலும் கறுப்பு. அந்தக் காலத்து ஐரோப்பிய அரசர்களும் பிரபுக்களும் இந்த வெள்ளைத் தோல்களை வரிசையாகச் சேர்த்துத் தைத்து மேலங்கி செய்துகொண்டார்கள். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு கறுப்பு வால் நுனியை அதில் குத்தி வைப்பது வழக்கம். குறியின் தலைப்பக்கத்தில் சிலுவை போலத் தெரியும் மூன்று சிறு புள்ளிகள், அந்த வாலைத் துணியில் பிடித்து வைத்த ஊசிகள் அல்லது தையல்கள். ஒரு தையற்காரரின் கைவேலை கேடயத்தில் ஏறி, கொடிக்குப் போய்விட்டது.

பிரிட்டனிக்கு இந்தச் சின்னம் வந்து சேர்ந்த விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1213இல் பிரிட்டனியின் வாரிசான அலிக்ஸ் என்ற பெண்ணை மணந்து ஆட்சிக்கு வந்தவர் பியேர் தெ ட்ரூ. இவர் பிரெத்தோன்காரர் இல்லை; பிரெஞ்சு மன்னர் ஆறாம் லூயியின் கொள்ளுப்பேரன். குடும்பத்தில் மூத்த மகன் அல்லாததால், ட்ரூ குடும்பத்தின் சின்னமான, கட்டம் போட்ட கேடயத்தை அப்படியே பயன்படுத்த அவருக்கு உரிமை இல்லை. இளைய மகன்கள் ஏதாவது ஒரு வேறுபாடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய முறை. அவர் ஒரு மூலையில் எர்மின் தோலைச் சேர்த்துக்கொண்டார். நூறு ஆண்டு கழித்து, 1316இல், மூன்றாம் ஜான் என்ற கோமகன் ட்ரூ குடும்பத்துக் கட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, மூலையில் இருந்த எர்மினைக் கேடயம் முழுவதும் பரப்பினார். ஆக, இன்றைக்குப் பாரிஸைப் பார்த்து முறைக்கிறவர்கள் உயர்த்திப் பிடிக்கும் சின்னத்தைக் கொண்டுவந்ததே பாரிஸ் அரச குடும்பத்து இளைய பிள்ளை ஒருவர்தான். பிரெத்தோன் நண்பர்களிடம் இதைச் சொன்னால் ரசிக்க மாட்டார்கள்.

அவர்கள் ரசித்துச் சொல்லும் கதை வேறு. கோமகள் ஆன் ஒருநாள் வேட்டைக்குப் போனாராம். நாய்கள் ஒரு வெள்ளை எர்மினைத் துரத்திக்கொண்டு போயின. எதிரே சேறு. அதில் இறங்கினால் தப்பிவிடலாம். ஆனால் அந்த விலங்கு, மேனியை அழுக்காக்கிக்கொள்வதைவிடச் செத்துப்போவது மேல் என்று திரும்பி நாய்களை எதிர்கொண்டு நின்றதாம். அதைக் கண்டு மனம் இளகிய கோமகள் அதைக் காப்பாற்றினாராம். ‘களங்கப்படுவதைவிட இறப்பது மேல்’ என்ற பிரிட்டனியின் பழைய முழக்கத்துக்கு இந்தக் கதையைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். சிலர் இதே கதையைப் பத்தாம் நூற்றாண்டுக் கோமகன் ஒருவர் பெயரில் ஏற்றிச் சொல்வார்கள். கதைக்கு ஆள் மாறினாலும் விலங்கு மாறாது. ஒரு மயிர் உதிர்ந்தாலும் உயிர் வாழாத கவரிமாவைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எங்கேயோ கேட்ட குரல் போல இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் கிடையாது. மானத்தைச் சொல்ல உடம்பில் ரோமம் உள்ள ஒரு பிராணியைத் தேடிப்போவது, உலகின் இரண்டு கோடிகளில் இரண்டு கூட்டத்தாருக்குத் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

கதையில் வரும் ஆன் கற்பனைப் பாத்திரம் இல்லை. 1477இல் நாந்த் நகரக் கோட்டையில் பிறந்தவர். 1488இல் தந்தை இறந்தபோது பதினொரு வயதில் கோமகள் ஆனார். பிரிட்டனியின் படை பிரெஞ்சுப் படையிடம் தோற்று அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. 1491இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸை மணக்க வேண்டியதாயிற்று. அவர் இறந்த பிறகு 1499இல் அடுத்த மன்னர் பன்னிரண்டாம் லூயியை. ஒரே பெண் பிரான்சுக்கு இரண்டு முறை அரசி. தன் நாடு தனித்திருக்க வேண்டும் என்று கடைசிவரை போராடினார். 1514இல் அவர் இறந்தபின், மகள் வழியாக எல்லாம் பிரெஞ்சு அரசின் கைக்குப் போய், 1532இல் இணைப்பு சட்டப்படி முடிந்தது. உடல் பாரிஸுக்கு வெளியே அரசர்களின் கல்லறையில் வைக்கப்பட்டது. இதயத்தை மட்டும் பொன் பேழையில் வைத்து, பெற்றோரின் கல்லறையில் சேர்க்க நாந்துக்கு அனுப்பினார்கள். நாந்த் என்ற ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவேன்.

இனிப் பட்டைகள். இவற்றை வரைந்தவர் மோர்வான் மார்ஷால். பிரிட்டனியின் கிழக்கு எல்லையில் உள்ள வித்ரே ஊர்க்காரர், 1900இல் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். 1923இல் இந்தக் கொடியை வரைந்தபோது வயது இருபத்து மூன்று. முதல் உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். அதே ஆண்டில்தான் ‘ஏழு சகோதரர்கள்’ என்று பிரெத்தோன் மொழியில் பெயர் வைத்துக்கொண்ட ஓவியர்கள், சிற்பிகளின் குழுவும் தொடங்கியது. கிராமத்துத் தொப்பியும் மரச்செருப்பும் போட்டு வேடிக்கை காட்டுகிற பிரிட்டனியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுவிட்டு, நவீனமான ஒரு பிரிட்டனியைச் செய்ய நினைத்த தலைமுறை அது. எர்மின் பரப்பிய பழைய கொடி ஏற்கெனவே இருந்தது. வெள்ளையில் கறுப்புச் சிலுவை போட்ட இன்னொன்றும் இருந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் போப்பாண்டவர் கொடுத்தது என்று அதற்கு ஒரு கதை உண்டு. ஆனால் அந்த இளைஞர்களுக்கு முதலாவதில் கோமகன்களின் வாடையும் இரண்டாவதில் தேவாலயத்தின் வாடையும் அடித்தன.

மார்ஷாலின் கணக்கு எளிது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் பிரிட்டனியில் ஒன்பது மறைமாவட்டங்கள், அதாவது கத்தோலிக்க ஆயர்களின் ஆளுகைப் பகுதிகள், இருந்தன. அவற்றுள் கிழக்கே இருந்த ஐந்து, பிரெஞ்சும் அதன் கிளை போன்ற கல்லோவும் பேசியவை: ரென், நாந்த், டோல், சான் மாலோ, சான் பிரியே. இவை ஐந்து கறுப்புப் பட்டைகள். மேற்கே இருந்த நான்கு, பிரெத்தோன் மொழி பேசியவை: லெயோன், திரெகோர், கொர்னுவாய், வான். இவை நான்கு வெள்ளைப் பட்டைகள். மொழி ஒன்றையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளும் இயக்கத்தில் இருந்த ஓர் இளைஞர், அந்த மொழி பேசாத ஐந்து பகுதிகளுக்கும் கொடியில் இடம் கொடுத்ததோடு, மேலும் கீழும் ஓரங்களையும் அவற்றுக்கே கொடுத்திருக்கிறார். இந்தக் கொடியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். அவருடைய வித்ரேயும் கிழக்குப் பக்கத்து ஊர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கு எளிது என்றேன், துல்லியம் என்று சொல்லவில்லை. சான் பிரியே மறைமாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பிரெத்தோன் பேசினார்கள். வான் மறைமாவட்டத்தின் கிழக்குப் பாதியில் கல்லோ பேசினார்கள். நாந்த் பக்கத்தில் உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் பா சூர் மேர் என்ற ஊரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட பிரெத்தோன் பேசும் கிழவர்கள் இருந்தார்கள். மக்களை அப்படிக் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. கொடியில் கிழித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மார்ஷால் வரைந்தபோதே அந்த ஒன்பது மறைமாவட்டங்கள் இல்லை. 1790இல் புரட்சி அரசு அவற்றைக் கலைத்து, பிரிட்டனியை ஐந்து நிர்வாக மாவட்டங்களாக வெட்டியது. டோல், சான் மாலோ போன்ற ஆயர் ஊர்கள் பதவி இழந்தன. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அழிக்கப்பட்ட ஒரு வரைபடத்தைத்தான் அந்த இளைஞர் துணியில் மீட்டு வரைந்தார்.

அமைப்பு அமெரிக்கக் கொடியுடையது என்பதைப் பார்க்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். ரென் நகரத்தின் பழைய கேடயத்திலும் வெள்ளையும் கறுப்புமான பட்டைகள், நெடுக்குவாட்டில், மேலே எர்மின் குறிகளோடு இருக்கின்றன. அந்த நகரத்தில் படித்த மார்ஷாலின் கண்ணில் அது படாமல் இருந்திருக்காது. 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைகளின் உலகக் கண்காட்சியில் பிரிட்டனியின் கூடத்துக்கு மேலே இந்தக் கொடி பறந்தது. ஊர் அதை அறிந்தது அதற்குப் பிறகுதான்.

கொடியின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது இன்னொரு காரணத்தால். ரென் நகர மன்றக் கட்டடத்தின் முகப்பு மாடத்தில் 1911இல் ஒரு சிற்பத்தை வைத்திருந்தார்கள். பிரெஞ்சு மன்னர் முன் கோமகள் ஆன் மண்டியிட்டிருப்பது போன்ற சிற்பம். எந்த ஊரிலும் கோபம் வரக்கூடிய காட்சிதான். 1932 ஆகஸ்ட் 7ஆம் தேதி, இணைப்பின் நானூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாடப் பிரதமர் எரியோ வான் நகருக்கு வந்திருந்த நாளில், அந்தச் சிற்பம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. செய்த இரகசியக் குழு தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர், க்வென் ஹா டு. கொடியும் குழுவும் ஒரே பெயரில் இருந்தால் கொடிக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மாடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. ரென் நகரில் சில ஆண்டுகள் வசித்தபோது அந்தச் சதுக்கத்தைப் பல முறை கடந்திருக்கிறேன். விவரம் தெரியாதவர்களுக்குக் கட்டடக் கலைஞர் ஏதோ ஒரு குழிவை அழகுக்காக விட்டிருக்கிறார் என்றுதான் தோன்றும்.

அதைவிடப் பெரிய கறை இரண்டாம் உலகப் போரில் விழுந்தது. பிரெத்தோன் தேசியவாதிகளில் ஒரு பகுதியினர், பிரான்ஸ் தோற்றால் தமக்கு வாழ்வு என்று எண்ணி ஜெர்மானியர்களோடு கைகோத்தார்கள். ஒரு சிறு கூட்டம் ஜெர்மன் சீருடையே அணிந்து, எதிர்ப்புப் படையினரை வேட்டையாடியது. அதே பிரிட்டனியில் சேன் என்ற குட்டித் தீவின் ஆண்கள் 1940 ஜூனில் படகேறி இங்கிலாந்துக்குப் போய், ஜெர்மானியரை எதிர்த்து நின்ற தெ கோலின் படையில் சேர்ந்ததும் நடந்தது. ஆனால் போர் முடிந்தபின் கொடியைப் பார்க்கிறவர்களுக்கு முந்தியவர்களின் நினைவுதான் வந்தது. இருபது ஆண்டுகள் அதை வெளியில் எடுக்கத் தயங்கினார்கள். மார்ஷால் 1963இல் இறந்தார். தான் வரைந்தது வீட்டுக்கு வீடு பறப்பதை அவர் பார்க்கவில்லை.

அதை வெளியே கொண்டுவந்ததில் அரசியல்வாதிகளைவிடப் பாட்டுக்காரர்களுக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. 1971இல் லோரியான் நகரில் கெல்டிக் இசைத் திருவிழா தொடங்கியது. 1972 பிப்ரவரியில் பிரெத்தோன் இசைக்கலைஞர் அலன் ஸ்டிவெல் தன் யாழோடு பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் ஏறினார். பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் பேசினால் கழுத்தில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடும் தண்டனையைத் தாத்தாவும் பாட்டியும் அனுபவித்திருந்தார்கள். அந்த அவமானத்தில் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுக்காமலே விட்டார்கள். பேரப் பிள்ளைகள் மொழி தெரியாமலே கொடியைப் பிடித்தார்கள். 2018இல் எடுத்த ஆய்வில் பிரெத்தோன் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர்தான், பெரும்பாலோர் முதியவர்கள். கொடி பெருகப் பெருக மொழி சுருங்கியது. இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சியில்லை.

லோரியான் என்றதும் ஒரு கிளைக்கதை, நமக்கு நெருக்கமானது. அந்த ஊர் பிறந்ததே இந்திய வணிகத்துக்காக. 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கப்பல் தளம் அமைத்தது. அங்கே கட்டிய பெரிய கப்பலின் பெயர் ‘கிழக்கின் சூரியன்’. அதிலிருந்த ‘கிழக்கு’ என்ற சொல்லே ஊருக்குப் பெயராயிற்று. லோரியான் என்றால் கீழ்த்திசை. புதுச்சேரியில் ஏற்றிய சோழமண்டலக் கரைப் பருத்தித் துணிகள் அங்கேதான் இறங்கின. 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே, சான் மாலோவில் பிறந்தவர். ஐந்து கறுப்புப் பட்டைகளில் ஒன்று அவர் ஊருக்கானது.

தனிநாடு கேட்பவர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் குண்டு வைத்த ஒரு விடுதலை முன்னணி இருந்தது. 1974இல் மலைமேல் இருந்த தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சாய்த்தார்கள். 1978இல் வெர்சாய் அரண்மனையிலேயே குண்டு வெடித்தது. இன்று கொடியைப் பிடிப்பவர்களில் அந்த வழியில் நிற்பவர்கள் மிகச் சிலர். நகர மன்றங்களில் மூவர்ணக் கொடிக்குப் பக்கத்திலேயே இது பறக்கிறது. பிரெஞ்சு அரசியல் சாசனம் மூவர்ணத்தை மட்டுமே சின்னமாகச் சொல்கிறது; ஆனாலும் யாரும் இதைக் கீழே இறக்குவதில்லை. 2013இல் லாரிகள் மீதான புதிய சாலை வரியை எதிர்த்துச் சிவப்புத் தொப்பி அணிந்து வீதிக்கு வந்த விவசாயிகள், மீனவர்கள், தொழிலாளர்கள், முதலாளிகள் எல்லாரும் இதைத்தான் பிடித்திருந்தார்கள். 2009இலும் 2014இலும் பிரெஞ்சுக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ரென்னும் கேங்கானும் மோதின. இரண்டும் பிரிட்டனி அணிகள். இரண்டு பக்கமும் ஒரே கொடி; யார் எந்த அணிக்குக் கத்துகிறார் என்பதைச் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சைக்கிள் பந்தயத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ‘அம்மா, நான் இங்கே இருக்கிறேன்’ என்று வீட்டுக்குக் கையசைக்கிற வகை. இருபது பேர் கூடும் இடத்தில் ஒரு பிரெத்தோன்காரர் இருந்தால் கொடியும் இருக்கும்.

அரசியல் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அது இன்று குடியிருப்பது ஒரே ஒரு பட்டையில்: நாந்தின் பட்டையில். 1941 ஜூனில், ஜெர்மானியருக்கு அடங்கிய விஷி அரசு ஓர் ஆணை போட்டு நாந்த் மாவட்டத்தைப் பிரிட்டனியிலிருந்து பிரித்து அடுத்த பகுதியோடு சேர்த்தது. போருக்குப் பின் அந்த அரசின் ஆணைகள் பல குப்பைக்குப் போயின. இந்தக் கோடு மட்டும் தப்பித்தது. ஐம்பதுகளில் நாட்டைப் பிராந்தியங்களாகப் பிரித்தபோது, ரென்னும் நாந்தும் ஒரே பிராந்தியத்தில் இருந்தால் தலைநகருக்குச் சண்டை வரும் என்ற வசதியான காரணத்தோடு, நாந்தைத் தலைநகராக வைத்து லுவார் நதியின் பெயரில் புதிய பிராந்தியம் ஒன்றை உண்டாக்கினார்கள். பிற்காலத்தில் 22 பிராந்தியங்களை 13 ஆகக் குறைத்தபோதும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஆகவே, கோமகள் ஆன் பிறந்த கோட்டையும் அவர் இதயம் இருந்த பொன் பேழையும் இருக்கும் நகரம் சட்டப்படி பிரிட்டனி இல்லை. 2018இல் அந்தப் பேழையை அருங்காட்சியகத்திலிருந்து திருடர்கள் தூக்கிப் போனார்கள், ஒரு வாரத்துக்குள் மீட்டுவிட்டார்கள். அந்த ஒரு வாரம் அந்த ஊர் துடித்ததைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் சொல்வதெல்லாம் ஏறாது. 2020 இறுதியில் நாந்த் நகர மன்றமும் தன் கட்டடத்தில் க்வென் ஹா டுவை ஏற்றியது.

புள்ளிகளின் எண்ணிக்கை மிச்சம். அதற்குச் சட்டம் இல்லை. நான்கு, மூன்று, நான்கு என்று பதினொன்று போடுவது பெருவழக்கு. தைப்பவர் கைக்கும் அச்சடிப்பவர் வசதிக்கும் ஏற்பக் கூடும், குறையும். சின்னக் கொடியில் ஒன்றே ஒன்றைப் பெரிதாகப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. யாரும் கேட்க மாட்டார்கள். பட்டைகளை எண்ணிப் பாருங்கள், அவை எங்கும் ஒன்பதுதான். எட்டுப் பட்டை அடித்த கொடியை நாந்த் சந்தையில் விற்க முயன்றால் என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு ஆசைதான்; ஆனால் கடைக்காரர் நானாக இருக்கக் கூடாது.